பொன்னியின் செல்வன்: வெட்டியது குறையா, வெட்டாதது குறையா?

2022 அக்டோபர் 3

கல்கியின் நாவலை மணிரத்னம் இரண்டு பாகப் படமாக எடுத்திருப்பது பற்றி வாசகர் ஒருவர் கேட்டிருப்பது: "முதல் பாகம் பார்த்தாச்சு. கடம்பூர் வருது, சம்புவரையர் வர்றார், கந்தமாறன் வர்றான். மணிமேகலையை மட்டும் காணவே காணோம். பாதி நாவலை வெட்டிப் போட்டுட்டு கல்கிக்குக் காணிக்கைன்னு சொல்றாங்க. இது நாவலுக்குச் செய்த துரோகம் இல்லையா?"

மணிமேகலை, கடம்பூர்ச் சிற்றரசர் சம்புவரையரின் மகள், கந்தமாறனின் தங்கை. ஆனால் துரோகம் பெரிய வார்த்தை. கணக்கைப் பாருங்கள். நாவல் ஐந்து பாகம், முந்நூறுக்குக் கொஞ்சம் குறைவான அத்தியாயம். கடைசி பாகம் மட்டுமே 91 அத்தியாயம். படம் 167 நிமிஷம். இரண்டாம் பாகமும் இதே நீளம் வந்தால், ஓர் அத்தியாயத்துக்கு ஒரு நிமிஷம் சொச்சம்தான் கிடைக்கும். இதில் வெட்டாமல் எடுக்க யாராலும் முடியாது.

என் குறை நேர் எதிர்ப்பக்கம். இன்னும் வெட்டியிருக்க வேண்டும். எல்லாரையும் உள்ளே கொண்டுவரப் பார்த்திருக்கிறார்கள். ஒருவர் வந்து நின்று, தன் பெயரும் உறவும் தெரியும்படி ஒரு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் அடுத்தவர் குதிரையில் வந்துவிடுகிறார்.

2022 அக்டோபர் 3, இரவு

தியேட்டர் கதை ஒன்று விட்டுப்போச்சு. பின் வரிசையில் ஒருவர் மனைவிக்கு ஓயாமல் விளக்கம் சொல்லிக்கொண்டே வந்தார். "இவர் பெரிய பழுவேட்டரையர். அது அவர் தம்பி. இந்தப் பொண்ணு பெரியவரோட சம்சாரம். பேத்தி இல்லம்மா, சம்சாரம்தான்." சுற்றி இருந்தவர்கள் முதலில் உஸ் உஸ் என்றார்கள். இடைவேளை வருவதற்குள் எனக்கு முன்னால் இருந்த பையன் திரும்பி அவரிடமே, "சார், அந்தத் தாடி வச்சவர் யாரு?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டான். படத்தின் பிரச்சினையை இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

2022 அக்டோபர் 6

"நீங்க நாவல் படிச்சதாலதான் குறை தெரியுது, படிக்காதவங்களுக்குப் பிடிச்சிருக்கு" என்று ஒரு பதில். இருக்கலாம். ஆனால் நான் சொல்ல வந்தது கதாபாத்திரக் கணக்கு இல்லை. யார் கண் வழியாகப் பார்க்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

நாவலின் தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். ஆடிப் பதினெட்டு. வீரநாராயண ஏரிக்கரை மேல் வந்தியத்தேவன் என்ற வாலிபன் களைத்த குதிரையில் மெதுவாகப் போகிறான். ஏரியின் எழுபத்து நான்கு கணவாய்களையும் வாய் பிளந்து பார்க்கிறான். கரையில் குடும்பம் குடும்பமாகச் சித்திரான்னம் சாப்பிடுகிறார்கள். அவன் கையில் ஒரு ஓலை, இடையில் கொஞ்சம் பணம், பெரிய குலத்தில் பிறந்து நாடில்லாமல் போனவன் என்ற உறுத்தல். அவ்வளவுதான். தூதுவன். சோழ நாட்டு அரசியலில் என்ன நடக்கிறது என்று அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அவன் ஒட்டுக்கேட்டால் நமக்குத் தெரியும். அவன் பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் நாமும் சேர்ந்து மாட்டிக்கொள்வோம்.

படம் போரில் தொடங்குகிறது. ராஷ்டிரகூடர்கள், பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலன், ரத்தம், வெற்றி. அதற்குள் வந்தியத்தேவன் ஒரு துணைத் தளபதி மாதிரி நிற்கிறான். அவன் ஊரைப் பார்க்கும் முன்பே நாம் இளவரசனைப் பார்த்துவிட்டோம். கீழேயிருந்து அரண்மனையை அண்ணாந்து பார்த்த கதை, மேல்மாடத்திலிருந்து கீழே பார்க்கும் கதையாகிவிட்டது. ஏரிக்கரைப் பயணம் முழுக்க ஒரு பாட்டுக்குள் முடிகிறது. நல்ல பாட்டுதான், அதில் எனக்குச் சண்டை இல்லை.

எங்கள் ஊர்ப் பக்கம் அது. கீழணையில் திறந்த தண்ணீர் வடவாறு வழியாக வந்து ஏரியில் விழும்போது ஓடிப் போய்ப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால் கொஞ்சம் கூடுதலாகக் கோபம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2022 அக்டோபர் 6, பின்குறிப்பு

வந்தியத்தேவனாக வரும் கார்த்தி மேல் எந்தப் புகாரும் இல்லை. அவர் வரும் இடத்தில் எல்லாம் நாவல் லேசாகத் தலை காட்டுகிறது.

2022 அக்டோபர் 11

"அப்படி என்ன பெரிசா ஒட்டுக்கேட்கிறான்?" என்று கேட்டவருக்கு.

கடம்பூர் மாளிகை. மூடு பல்லக்கு ஒன்று உள்ளே போகிறது. பெரிய பழுவேட்டரையரின் மனைவி, பழுவூர் இளைய ராணி நந்தினி அதில் இருக்கிறாள் என்று ஊரே நினைக்கிறது. இரவு குரவைக்கூத்து, தேவராளன் வெறியாட்டம், விருந்து. எல்லாம் முடிந்து வந்தியத்தேவன் படுத்தால் தூக்கம் பிடிக்கவில்லை. மதில் மேல் ஒரு தலை தெரிகிறது. குடுமித் தலை. வழியில் பார்த்த வம்புச் சண்டைக்கார வைணவன் ஆழ்வார்க்கடியானா, கனவா? எழுந்து போகிறான். கீழே நடுநிசிக் கூட்டம். அரசர் சுந்தர சோழருக்குப் பிறகு பட்டம் யாருக்கு என்று பெரிய மனிதர்கள் பேசுகிறார்கள். இவன் மேலேயிருந்து கேட்கிறான். அந்தப் பக்கத்தில் ஆழ்வார்க்கடியான் கேட்கிறான் என்பது இவனுக்கு மட்டும் தெரியும். பிறகு 'பல்லக்கில் யார்?' என்று ஓர் அத்தியாயத் தலைப்பு. திரை விலகினால், பட்டத்துக்கு அவர்கள் நிறுத்தும் மதுராந்தகன்.

இதைக் கல்கி வாரம் வாரமாக இழுத்துக்கொண்டு போகிறார். 1950 அக்டோபர் கடைசியில் தொடங்கிய தொடர். படித்தவர்கள் ஒரு வாரம் முழுக்கப் பல்லக்குக்கு வெளியே நின்றிருப்பார்கள். எங்கள் பெரியம்மா வீட்டில் கிழித்து பைண்டு செய்த தொகுப்பு இருந்தது. அத்தியாய முடிவுகளில் பக்கத்து ஓரம் விரல் பட்டு அழுக்கேறியிருக்கும். அத்தனை பேர் அங்கே நின்று மூச்சு விட்டிருக்கிறார்கள்.

படத்தில் ஆட்டம், சதி, பல்லக்கு மூன்றும் வெட்டி வெட்டிச் சில நிமிஷங்களில் ஓடிவிடுகின்றன. தொகுப்பு அழகாக இருக்கிறது. ஆனால் நமக்கு எதையும் சந்தேகப்பட நேரம் கொடுக்கவில்லை. மர்மம் தகவலாகிவிட்டது.

2022 அக்டோபர் 15

"அரண்மனைகள் பிரமாதம், சோழர் காலத்துக்கே போய் வந்த மாதிரி இருந்தது" என்கிறார் ஒருவர். கலை இயக்குநர் தோட்டா தரணி பெரிய கலைஞர், மறுப்பில்லை. ஆனால் சில காட்சிகள் எடுத்தது மத்தியப் பிரதேசத்து ஓர்ச்சாவில். அந்த அரண்மனைகள் 16, 17-ஆம் நூற்றாண்டு புந்தேலா ராஜபுத்திரர்கள் கட்டியவை. வளைவு, குவிமாடம், ஜரோகா என்ற மாடச் சன்னல். சோழன் கட்டடக்காரனுக்கு வளைவில் வேலையே கிடையாது. தூண் நட்டு, உத்தரம் போட்டு, மேலே பலகைக் கல் ஏற்றுவான்.

சரி, அசல் சோழ அரண்மனை எப்படி இருந்தது? நின்றுகொண்டிருப்பது ஒன்றுகூட இல்லை. சோழர் குடும்பம் இருந்த பழையாறையில் போய்ப் பார்த்தால் வயலும் கோயிலும்தான். கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டில் தோண்டியதில் செங்கல் சுவர்களும் கூரை ஓடுகளும் கிடைத்தன. அது ராஜேந்திரன் காலம், கதைக்கு ஐம்பது வருஷம் பின்னால். செங்கல், மரத்தூண், ஓட்டுக் கூரை. நினைத்துப் பார்த்தால் அந்த அரண்மனை நம் ஊர்ப் பழைய பெரிய வீடுகளுக்குத்தான் சொந்தக்காரன் மாதிரித் தெரிகிறது. அப்படி ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் இளவரசி குந்தவை நடந்திருந்தால் நான் விசிலே அடித்திருப்பேன்.

2022 நவம்பர் 12

ஓடிடியில் மறுபடி பார்த்தேன். வீட்டில் பார்க்கும்போது ஒரு வசதி, நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். அப்போதுதான் தெரிகிறது, படத்தில் சில இடங்களில் அவசரமே இல்லை. நந்தினியும் குந்தவையும் நேருக்கு நேர் சந்திக்கும் காட்சி. சுற்றிலும் தாதிகள், மரியாதைச் சொற்கள், இரண்டு முகங்களிலும் ஒரே அளவு புன்னகை. யார் முதலில் கண்ணைத் திருப்புவார் என்பது மட்டும்தான் அங்கே சண்டை. கத்தி இல்லை, குதிரை இல்லை. த்ரிஷா கழுத்தை ஒரு விரல் அளவு நிமிர்த்துகிறார், ஐஸ்வர்யா ராய் இமையை மெல்லத் தாழ்த்துகிறார். இந்த ஒரு காட்சிக்குள் பழுவூர், பழையாறை அரசியல் முழுக்க இருக்கிறது.

ஆக, மணிரத்னத்துக்கு இது தெரியாமல் இல்லை. எண்பதுகளின் கடைசியிலிருந்தே இந்த நாவலைப் படமாக்கப் பார்த்தவர். அவருக்கும் முன்னால் 1958-இல் எம்.ஜி.ஆர். உரிமை வாங்கி வைத்திருந்தார். இவ்வளவு நாள் காத்திருந்து கையில் கிடைத்ததும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தட்டில் போட்டுவிட்டாரோ என்று இப்போது தோன்றுகிறது. திட்டுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன், நிறுத்தவில்லை.

2022 நவம்பர் 13

"வெப் சீரிஸாக எடுத்திருக்க வேண்டும்." இதைச் சொல்லாத ஆள் இல்லை. மொத்தமாக இறக்கிவிட்டு ஒரே ராத்திரியில் பார்க்கச் சொல்லும் சீரிஸ் என்றால் எனக்கு அதிலும் நம்பிக்கை இல்லை. தொடர்கதைக்கு பலம் நீளத்தில் இல்லை, நடுவில் கிடக்கும் ஆறு நாளில் இருந்தது. அந்த ஆறு நாளும் திண்ணையில், ஆபீசில், கிணற்றடியில் ஊரே சேர்ந்து கதையை எழுதியது.

மேடை நாடகமாகப் பார்த்தவர்கள் இங்கே யாராவது உண்டா? 1999-இல் மேஜிக் லான்டர்ன் குழு சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திடலில் போட்டது. நாடகமாக்கியவர் குமரவேல். அவர்தான் இந்தப் படத்துக்கும் திரைக்கதையில் ஒருவர். மேடையில் எதை விட்டால் பார்வையாளன் தவித்துப்போவான், எதை விட்டால் கண்டுகொள்ள மாட்டான் என்று முன்பே பரீட்சை எழுதியவர் அவர். படத்தில் நன்றாக நிற்கும் எலும்புக்கூடு அங்கிருந்து வந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

2023 ஏப்ரல் 29

இரண்டாம் பாகம் பார்த்தேன். முதல் பத்து நிமிஷம் அபாரம். சின்ன வயது நந்தினி, சின்ன வயது கரிகாலன். நாவலில் இது கரிகாலன் வாயால் வரும் பழங்கதை. மாமல்லபுரத்தில் உட்கார்ந்து நண்பனிடம் புலம்புகிறான். படம் அதைக் கண்முன் நடத்திவிடுகிறது. பேச்சு குறைவு, பார்வை அதிகம். சாரா அர்ஜுன் திரும்பிப் பார்க்கும் ஒரு பார்வையை வைத்துக்கொண்டு மீதி இரண்டரை மணி நேரத்தையும் ஓட்டலாம்.

மற்றது நாளைக்கு எழுதுகிறேன். தலை வலிக்கிறது, தியேட்டரில் சத்தம் அப்படி.

2023 மே 1

கடம்பூர் கொலை. பலரும் கேட்டதால் நீளமாக.

நாவலில் அந்த இரவு ஒரு குழப்பக் களஞ்சியம். வந்தியத்தேவன் யாழ்க் களஞ்சியத்துக்குள் ஒளிந்திருக்கிறான். ஒளித்து வைத்தவள் மணிமேகலை. நந்தினி கையில் பாண்டியனின் கொலைவாள். கரிகாலன் வெறி பிடித்தவனாகப் பேசிக்கொண்டே போகிறான். காளாமுகச் சைவர் கோலத்தில் ஓர் உருவம் வந்தியத்தேவன் கழுத்தை நெரிக்கிறது. விளக்கு விழுகிறது. இருட்டு. வெளிச்சம் வரும்போது கரிகாலன் செத்துக் கிடக்கிறான். யார் கொன்றது? பெரிய பழுவேட்டரையர், தான் எறிந்த கத்திதான் கொன்றது என்கிறார். மணிமேகலை, நான்தான் கொன்றேன் என்கிறாள். வீரபாண்டியனைக் கொன்றதற்குப் பழிவாங்கத் திரியும் ரவிதாஸன் கூட்டமும் அங்கேதான் சுற்றுகிறது. வந்தியத்தேவன் மேல் பழி விழுந்து பாதாளச் சிறைக்குப் போகிறான். கல்கி கடைசிவரை கை விரித்துவிடுகிறார். வரலாற்றிலும் அந்த இடத்தில் இருட்டுதான். அதனால் விளக்கை அணைத்துவிட்டு எழுதினார். கெட்டிக்காரத்தனம்.

படம் விளக்கை அணைக்கவில்லை. அறையில் அவனும் அவளும் மட்டும். அவன் கொல்லப்பட வரவில்லை, சாவை வாங்கிக்கொள்ள வருகிறான். வீரபாண்டியன் தலையை வெட்டிய நாளில் இவனும் பாதி செத்தவன், மீதிப் பாதியைக் கொடுக்க வந்திருக்கிறான் என்று கரிகாலனாக வரும் விக்ரம் முகத்தில் தெரிகிறது. இது கல்கியின் காட்சியே இல்லை. துப்பறியும் கதை முழுக்கக் காணாமல் போய், ஒரு காதல் கதையின் கடைசி அத்தியாயம் மட்டும் நிற்கிறது. இரண்டு பாகத்திலும் சேர்த்து எனக்கு மிகப் பிடித்த காட்சி இதுதான்.

அக்டோபரில் நான் சொன்னதை இங்கே இன்னும் அழுத்திச் சொல்கிறேன். துணிந்து வெட்டிய இடத்தில் படம் எழுந்து நிற்கிறது. கல்கி கோபித்துக்கொள்வாரே என்று பயந்து வைத்திருக்கும் இடத்தில் படுத்துவிடுகிறது. சூடாமணி விகாரம் என்ற புத்த மடம், காய்ச்சல், யானை, படகு எல்லாம் இரண்டாம் பாகத்தில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவது போல வந்து போகின்றன.

2023 மே 2

சூடாமணி விகாரம் பற்றி ஒருவர்: "அதை வெட்டினால் வரலாறு என்னாகும்?"

ஒன்றும் ஆகாது. வரலாற்றின்படி நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம் ராஜராஜன் பட்டத்துக்கு வந்த பிறகு, ஸ்ரீவிஜய அரசர்கள் கட்டியது. அவனுடைய 21-ஆம் ஆட்சியாண்டில், 1006 வாக்கில், ஆனைமங்கலம் என்ற ஊரை அதற்குக் கொடுத்த செய்தி லெய்டன் செப்பேட்டில் இருக்கிறது. அதாவது பின்னாளில் ராஜராஜனான அருள்மொழி, இளவரசனாகக் காய்ச்சலில் கிடந்த காலத்தில் அந்தக் கட்டடம் இல்லை. கல்கி கதைக்காக அங்கே முன்கூட்டியே ஒரு விகாரத்தை எழுப்பிக்கொண்டார். அவர் செய்தால் கற்பனை, படக்காரர் செய்தால் துரோகமா?

2023 மே 4

மணிமேகலை விவகாரம் இன்னும் ஓயவில்லை. நல்லது, அந்த முதல் கேள்விக்கு நான் சரியாகப் பதில் சொல்லவும் இல்லை.

நாவலின் கடைசி அத்தியாயம் எது என்று ஞாபகம் இருக்கிறதா? முடிசூட்டு விழா இல்லை. 'மலர் உதிர்ந்தது!' சித்தம் கலங்கிய மணிமேகலை வந்தியத்தேவன் மடியில் உயிரை விடுகிறாள். மணிமகுடம், தியாகம், சோழப் பேரரசு எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, கதையை ஒரு சிற்றரசன் மகளின் சாவில் போய் முடிக்கிறார். யாரும் கேட்காமலே ஒருவனை நேசித்து, அவனுக்காகக் கொலைப் பழியை ஏற்கப் பார்த்து, எதுவும் கிடைக்காமல் போனவள். பெரிய மனிதர்களின் விளையாட்டில் யாருக்கு அடி விழுந்தது என்று பார்க்கச் சொல்கிறது அந்த முடிவு.

ஆகவே வாசகரின் வருத்தத்தில் நியாயம் உண்டு. ஆனால் அவளைக் கொண்டுவந்து நாலு காட்சியில் நிறுத்தியிருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும். அவளுக்கு இடம் வேண்டுமென்றால் வந்தியத்தேவன் நடுவில் நிற்கிற படமாக இருக்க வேண்டும். இது கரிகாலன், நந்தினி படம். அவளை எடுத்ததோடு அந்தக் கணக்கு ஒழுங்காக முடிந்துவிடுகிறது. எனக்குப் பார்க்க ஆசையான படம் வேறு என்பது வேறு விஷயம்.

முடிவு திருப்தியில்லை என்ற புகார் 1954-லேயே வந்தது. தொடர் மே 16-இல் முடிந்ததும் வாசகர்கள் கோபித்துக்கொண்டார்கள், அப்படியே அந்தரத்தில் விட்டுவிட்டீர்களே என்று. கல்கி ஒரு முடிவுரை எழுதி, யார் யார் பிறகு என்ன ஆனார்கள் என்று பதில் சொல்ல வேண்டி வந்தது. நாம் புதிதாக ஒன்றும் செய்யவில்லை.

2023 மே 7

இதைக் கேளுங்கள், எனக்கு ரொம்பப் பிடித்த விவகாரம்.

"சேந்தன் அமுதன்தான் நிஜ உத்தம சோழன், அதையே தூக்கிட்டாங்க, வரலாற்றையே மாத்திட்டாங்க" என்று ஒரு நண்பர் கொதிக்கிறார். நண்பரே, சேந்தன் அமுதன் செம்பியன் மாதேவி பெற்ற பிள்ளை, மதுராந்தகன் வளர்த்த பிள்ளை என்ற அந்தக் குழந்தை மாற்றம் வரலாறு இல்லை, கல்கியின் சரக்கு. வரலாற்றில் கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்த ஒரே உத்தம சோழன்தான். சுந்தர சோழருக்குப் பிறகு அவன் ஆண்டான், 985-இல் ராஜராஜன் வந்தான். அருள்மொழி தன் சிற்றப்பன் ஆசைப்பட்டதால் தானாக விட்டுக்கொடுத்தான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. படத்தில் ஒரே மதுராந்தகன், கடைசியில் அவனுக்கே முடி. இந்த ஓர் இடத்தில் நாவலைவிடப் படம் செப்பேட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

ஆனால் கல்கியைக் குறைத்து எடை போடாதீர்கள். செம்பியன் மாதேவி அம்மையார் கல்வெட்டுகளில் தன்னைச் சொல்லிக்கொள்வது எப்படி? 'உத்தம சோழ தேவரைத் திருவயிறு வாய்த்த உடைய பிராட்டியார்.' அதாவது பெற்ற தாய். கல்கிக்குக் கோழையான ஒரு மதுராந்தகனும் வேண்டும், தியாகத்துக்குத் தகுதியான ஓர் உத்தம சோழனும் வேண்டும். வளர்த்த பிள்ளை ஒருவன், பெற்ற பிள்ளை வேறொருவன் என்று பிரித்து, பெற்றவனுக்கே பட்டத்தைக் கட்டிவிட்டார். கல்வெட்டில் ஓர் எழுத்துகூடப் பொய்யாகவில்லை. கதையும் ஓடியது, கல்லும் நின்றது. படத்தில் மதுராந்தகன் ஏன் மனம் மாறுகிறான் என்பதற்கு இந்த அளவு உழைப்பு இல்லை. ரகுமான் முகத்தில் சட்டென்று ஞானம் வந்துவிடுகிறது.

2023 மே 7, இரவு

நடிகர் ரகுமான். இசை ரஹ்மான் இல்லை. கேட்காதீர்கள்.

2023 மே 14

கடைசிப் போரைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் "போர் இல்லாமல் சரித்திரப் படமா?" என்று ஒருவர் கேட்டுவிட்டார்.

இவ்வளவு பெரிய நாவலில் போர்க்களம் கண்முன் விரிகிற இடம் எவ்வளவு என்று தேடிப் பாருங்கள். தக்கோலம் பழைய கதை. சேவூர் பழைய கதை. ஈழத்தில் கூடப் போருக்கு நடுவில் கிடைத்த ஓய்விலும் ஊர் சுற்றலிலும்தான் கதை நகர்கிறது. கதை நடக்கும் சில மாதங்களில் முக்கியமான ஆயுதம் ஓலை. அடுத்தது மோதிரம். வாள் மூன்றாவது இடம். வந்தியத்தேவன் தஞ்சைக் கோட்டைக்குள் நுழைவது பனை இலச்சினை மோதிரத்தை வைத்து. சுந்தர சோழரிடம் "அபாயம்" என்று கத்திவிட்டு, சின்னப் பழுவேட்டரையர் முறைத்ததும் "அபயம் என்றேன்" என்று கூசாமல் சமாளிக்கிறானே, அதுதான் இந்த நாவலின் சண்டைக் காட்சி.

பாகுபலிக்குப் பிறகு நாடு முழுக்க ஓட வேண்டிய படத்துக்கு முதலில் ஒரு போர், முடிவில் ஒரு போர் என்று யாரோ ஆசைப்பட்டிருப்பார்கள். புரிகிறது. ஆனால் கரிகாலன் செத்த பிறகு படம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வரும் ராஷ்டிரகூடர்கள் வந்தது தெரியாமல் வந்து தோற்றது தெரியாமல் போகிறார்கள். யார் எந்தப் பக்கம் என்று பின் வரிசைக்காரருக்கே தெரிந்திருக்காது.

2023 ஜூன் 18

யூடியூப் காணொளி ஒன்றின் சுட்டியோடு ஒருவர்: "கரிகாலனைக் கொன்றது ராஜராஜனும் குந்தவையும்தான், மறைச்சிட்டாங்க."

ஆளுக்கொரு கொலையாளி வைத்திருக்கிறோம். சரி, கல் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். காட்டுமன்னார்கோயில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டு. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டு. 'பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளான' சோமன், ரவிதாஸன், பரமேசுவரன் முதலானோரின் சொந்தக்காரர்கள் சொத்தைப் பறிமுதல் செய்த விவகாரம். ரவிதாஸனுக்குப் பஞ்சவன் பிரம்மாதிராஜன் என்று பட்டம், பரமேசுவரனுக்கு இருமுடிச்சோழ பிரம்மாதிராஜன். ஒருவனுக்குப் பாண்டியப் பட்டம், அடுத்தவனுக்குச் சோழப் பட்டம். ஆக, காட்டுக்குள் ஒளிந்து திரிந்த கூட்டம் இல்லை, அரசாங்கத்தில் அதிகாரிகளாக இருந்தவர்கள்.

நடுவில் உத்தம சோழன் ஆண்ட பதினைந்து வருஷத்துக்கு இவர்கள் மேல் நடவடிக்கை ஏன் தெரியவில்லை? இந்தக் கேள்வியை வைத்துத்தான் நீலகண்ட சாஸ்திரி உத்தமன் மேல் சந்தேகப்பட்டார். சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். அறிஞர்கள் சண்டை அது, யூடியூபில் முடியாது.

படத்தில் ரவிதாஸன் கூட்டம் முகத்தில் சாம்பலும் கண்ணில் வெறியுமாக அலைகிறது. கிஷோர் நல்ல நடிகர், அவருக்குக் கொடுத்த வேலை அவ்வளவுதான். எனக்கென்னவோ அந்தக் கல்வெட்டு மனிதர்கள்தான் அதிகம் பயமுறுத்துகிறார்கள். சபையில் உட்கார்ந்து, பட்டம் வாங்கி, நிலம் வாங்கி, குடும்பம் நடத்திக்கொண்டு, இளவரசனைக் கொன்றவர்கள். அப்படி ஒரு ரவிதாஸன் கல்கியிடமும் முழுசாக இல்லை.

இன்னொன்று. நாவல் தொடங்கும் ஏரி, கொலைக்குச் சாட்சி சொல்லும் இந்தக் கோயில் இரண்டும் ஒரே ஊர்ப் பக்கம். பஸ்ஸில் போனால் கல்வெட்டைப் பார்த்துவிட்டு ஏரிக்கரையில் டீ குடித்துவிட்டு வரலாம்.

2024 ஆகஸ்ட் 17

நேற்று தேசிய விருது அறிவித்ததும் இழை மறுபடி உயிர்த்துவிட்டது. முதல் பாகத்துக்குச் சிறந்த தமிழ்ப்படம், ரஹ்மானுக்குப் பின்னணி இசை, ரவி வர்மனுக்கு ஒளிப்பதிவு, ஒலி வடிவமைப்புக்கு ஒன்று. "இப்ப என்ன சொல்றீங்க?" என்று என்னைக் குறிப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள்.

ஒளிப்பதிவுக்கும் இசைக்கும் கொடுத்தது மிகச் சரி. அந்த மங்கலான மண் நிறமும் விளக்கு வெளிச்சமும் இல்லாவிட்டால் ஓர்ச்சா வளைவுகள் இன்னும் பல்லிளித்திருக்கும். திரைக்கதைக்கு அந்தப் பட்டியலில் ஒன்றும் இல்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பாகம்தான் நல்ல படம் என்பதில் நான் அசையப் போவதில்லை.

2024 ஆகஸ்ட் 19

கல்லூரி மாணவி ஒருவர்: "படம் மட்டும்தான் பார்த்தேன். நாவல் படிக்கணும். கதை தெரிஞ்சிடுச்சே, நேரா மூணாம் பாகத்திலிருந்து ஆரம்பிக்கலாமா? சுருக்கப் பதிப்பு இருக்காமே?"

வேண்டாம்மா. முதல் பாகத்திலிருந்தே படியுங்கள். உங்களுக்குத் தெரிந்தது கரிகாலன் கதை. வந்தியத்தேவன் கதை உங்களுக்கு இன்னும் தெரியாது. சுருக்கத்தில் முதலில் போவது ஆழ்வார்க்கடியானின் வீண் சண்டைகள்தான், அதைத் தொலைத்துவிட்டு இந்த நாவலைப் படித்துப் பயனில்லை. ஓவியர் மணியம் வரைந்த படங்கள் உள்ள பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள், விலை கொஞ்சம் கூடுதல். பல்லக்கு அத்தியாயம் வரும்போது அன்றைக்கு அதோடு நிறுத்திப் பாருங்கள், முடிகிறதா என்று வந்து சொல்லுங்கள்.